ஒழுகாத குழாய்கள்

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறோம். என் வலது முழங்கால் மட்டும் தனிக்கட்சி ஆரம்பித்திருக்கிறது. நீயும் அத்தானும் சுகமா? அத்தானுக்குத் தோள் பிடித்துக்கொண்டதாகப் போன தடவை எழுதியிருந்தாய். இப்போது கையைத் தூக்க முடிகிறதா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கிளையை மூடப்போகிறார்கள். ஆலைகள் ஒவ்வொன்றாகப் போன பிறகு இந்த ஊரில் மாடி ஏறுகிற ஆட்களே குறைந்துவிட்டார்கள், லிஃப்டைப் பழுது பார்க்க நீங்கள் எதற்கு என்கிறார் மேலாளர். பயப்படாதே, வேலை போகவில்லை. தெற்கே கடலோரமாக இரண்டு மாநிலங்களில் கம்பெனிக்கு ஆள் வேண்டுமாம். கிழக்குக் கடற்கரை ஒன்று, மேற்குக் கடற்கரை ஒன்று. எது வேண்டும் என்று மே மாதம் முடிவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்களை அவர்களே எங்காவது தூக்கிப் போடுவார்களாம்.

கிழக்கே போனால் கம்பெனி வீடு உண்டு. அடுக்குமாடிகள் புதிது புதிதாக எழும்புகின்றன, வேலைக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கூடம் பக்கத்திலேயே. என் வீட்டுக்காரியின் சித்தப்பா மகன் அங்கேதான் இருக்கிறான். அது ஒன்றுதான் என்னை யோசிக்க வைக்கிறது. (இதை அவள் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.) மேற்கே போனால் வீடு நாமே தேட வேண்டும், மழை பிடித்தால் விடாது என்கிறார்கள். ஆனால் அங்கே நீ இருக்கிறாய்.

இன்னொன்று. அப்பாவுக்கு இந்தக் குளிரில் மூச்சு ரொம்பவும் இழுத்துவிட்டது. "இன்னொரு குளிர்காலத்தை இந்த ஊர்ல ஓட்டாதீங்க, கடல் பக்கம் கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பாவிடம் இன்னும் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தால் எங்கே போய் நிற்கும் என்று உனக்கே தெரியும். நீ ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்ட சேதியைப் பால்காரர் வாயால் கேட்ட மனிதர் அவர். பதினோரு வருஷமாகியும் அந்தக் கோபம் இறங்கவில்லை. அத்தான் மேல்கூட அவ்வளவாக இல்லை. பால்காரருக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்பதுதான். உன் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். போன் இன்னும் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் வழக்கம்போல ஆபீஸ் விலாசத்துக்கே எழுது.

உன் ஊர் எப்படி? குடும்பத்தோடு வந்தால் சரிப்பட்டு வருமா? ஒளிக்காமல் சொல்.

தன் முன்பல் ஆடுவதை அத்தைக்கு எழுதச் சொன்னாள் வாலு. எழுதிவிட்டேன்.

உன் தம்பி,
சுண்டெலி


பிப்ரவரி 21

அன்புள்ள சுண்டெலிக்கு,

தொப்பை வந்த பிறகும் உனக்கு வேறு பெயர் வைக்க எனக்கு மனசில்லை. நாங்கள் நன்றாக இருக்கிறோம். அத்தானின் கை தலை வரைக்கும் போகிறது. படகு எஞ்சின் எதுவும் தலைக்கு மேலே இருக்காது, இது போதும் என்கிறார். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, சோம்பல்படாதே. உன் வீட்டுக்காரிக்குத் தையல் கடையில் வேலை எப்படிப் போகிறது? வாலுவுக்கு ஆடுவது மேல் பல்லா, கீழ்ப் பல்லா?

வேலை போகவில்லை என்ற வரிக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதை முதலில் எழுத வேண்டாமா?

ஊரைப் பற்றிக் கேட்டாய். ஒளிக்காமல் சொல்கிறேன். இது குடும்பத்தோடு வந்து வாழ்கிற ஊர் இல்லை. உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. நான் உட்கார்ந்து டோக்கன் எழுதுகிற ஐஸ் ஃபேக்டரியில் ஜன்னல் கம்பி போன வாரம் கையோடு வந்துவிட்டது. சைக்கிள் செயின், பூட்டு, கதவுக் கீல், குடைக்கம்பி, எல்லாம் துரு. மழை பிடித்துக்கொண்டால் துணி காயாது; ஈரமாகவே போட்டுக்கொண்டு உடம்பிலேயே காயவைக்க வேண்டியதுதான். பீரோவில் வைத்த செருப்பு பூஞ்சை பிடித்து முயல்குட்டி மாதிரி ஆகிவிடுகிறது. வாடகைக்கு நல்ல வீடு கிடைப்பதில்லை. மீன் வாடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எனக்கு மூக்கு மரத்துப்போனதால் பிழைத்தேன்.

கிழக்கே போங்கள். கம்பெனி வீடும் பள்ளிக்கூடமும் மடியில் வந்து விழும்போது யாராவது யோசிப்பார்களா? சித்தப்பா மகனைச் சமாளித்துக்கொள்ளலாம். எனக்காகப் பார்க்காதே. எங்கே இருந்தாலும் கடிதம் போட்டுக்கொள்ளத்தானே போகிறோம்.

அத்தான் உன்னை விசாரித்தார்.

அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். முழங்கால் இன்னும் பேச்சுவார்த்தைக்கு வரவில்லை. மற்றபடி சுகம். மேல் பல், விழுந்தும் விட்டது. வாலு இப்போது பேசுவதில் பாதி காற்றுதான். நீங்கள் இருவரும் எப்படி?

லிஃப்ட் மெக்கானிக்கிடம் போய்த் துருவைச் சொல்லிப் பயமுறுத்துகிறாயே! துருப்பிடிக்கிற ஊரில்தான் எனக்குப் பிழைப்பு. நீ எழுதியதைப் படிக்கப் படிக்க எனக்கு வாயில் எச்சில் ஊறியது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

"ரெண்டும் கடலோரம்பா. உங்க நெஞ்சுக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"நான் எங்கயும் வரல. நீங்க போங்க. எனக்கு இந்த ஊர்த் தண்ணி பழகிடுச்சு."

காலமெல்லாம் தண்ணீர் வாரியத்தில் ஃபிட்டராக இருந்தவர் வேறு எதைச் சாக்காகச் சொல்வார்? எந்தெந்த மாநிலம் என்று கேட்டார். கிழக்கு என்றதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மேற்கு என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர், சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்தார். அவரைத் தனியாக விட்டுவிட்டு நான் எங்கே போவேன்? இந்தக் குளிரிலேயே அவரைப் பாடாய்ப் படுத்திய இருமல், அடுத்த குளிரில் சும்மா விடுமா?

சரி, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். போன வருஷம் வரைக்கும் அந்த ஊரின் காற்றையும் மழையையும் பற்றி ஆகா ஓகோ என்று எழுதினவள் நீ. நாங்கள் வருகிறோம் என்றதும் அது எப்படி ஒரே கடிதத்தில் உருப்படாத ஊராகிவிட்டது? சுற்றி வளைக்க வேண்டாம். நாங்கள் வரணுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை எழுது, போதும்.

அப்புறம், அங்கே தண்ணீர் எப்படி? அப்பா கேட்டால் சொல்வதற்கு.

சுண்டெலி


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்காலை டாக்டரிடம் காட்டு. வாலு மேல் பல் முளைக்கிற வரைக்கும் கரும்பலகைக்கு முன்னால் நின்று படிக்க வெட்கப்படுவாள், கேலி செய்யாதே. உன் வீட்டுக்காரியை ரொம்பக் கேட்டதாகச் சொல்.

தண்ணீர் எப்படி என்று கேட்டிருந்தாய், அதைச் சொல்கிறேன். மோசம். ஆழ்குழாயில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. அடுப்படியில் இருப்பது பழைய இரும்புக் குழாய். போன மாதம் திருப்பும்போதே குழாயின் தலை கையில் வந்துவிட்டது. பிளம்பர் மூன்று தடவை வந்தான். வரும்போதெல்லாம் "உப்புத் தண்ணி, அக்கா. நான் என்ன பண்றது?" என்பான், அடுத்த தடவையும் அதே இரும்பைத்தான் மாட்டுவான். இப்போது துணியைச் சுற்றிக் கட்டி, கீழே ஒரு வாளி வைத்திருக்கிறேன். சொட்டுச் சொட்டாக நாள் முழுக்க விழுகிறது. ஊர் எஞ்சினையெல்லாம் சரி செய்கிற உன் அத்தான், வாளி நிறைந்தால் எடுத்து ஊற்றுவதோடு சரி.

வரணுமா வேண்டாமா என்று என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வது? நீங்கள் கிழக்கே போனால் நிம்மதியாக இருப்பேன். அவ்வளவுதான்.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் தம்பியின் மனைவி எழுதுகிறேன். இதுவரை உங்களுக்கு நான் தனியாகக் கடிதம் போட்டதில்லை. இவருக்குத் தெரியாமல் தையல் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலையும் கடை விலாசத்துக்கே போடுங்கள்.

இவர் கேட்ட கேள்விக்கு ஒரு மாதமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறது. ஆபீசைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். இவர் இப்போது ஆலைக் கட்டடங்களில் லிஃப்டுகளைக் கழற்றுகிற வேலைக்குப் போகிறார். அப்படியும் தினம் அந்தப் பக்கம் போய், பூட்டின கதவின் கீழே ஏதாவது கடிதம் கிடக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு வருகிறார், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. "எங்க அக்காவுக்கு நாம வர்றது பிடிக்கலடி" என்று நேற்று சொன்னவர், அரைச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

அண்ணி, நான் வெளியிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தவள். அதனால் கேட்க எனக்குக் கூச்சமில்லை. உங்கள் கடிதங்களை எல்லாம் இவர் எனக்குப் படித்துக் காட்டுவார். எத்தனை வருஷமாகக் கேட்கிறேன்! முழங்கால், தோள்பட்டை, என் தையல் மெஷின், வாலுவின் பல், எல்லாவற்றையும் விசாரிக்கிறீர்கள். மாமாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வந்ததில்லை. டாக்டர் அவருக்காகத்தான் கடலோரம் போகச் சொன்னார் என்று இவர் எழுதிய பிறகும் நீங்கள் "அப்பா எப்படி இருக்கிறார்" என்று கேட்கவில்லை.

மாமா வருவார் என்பதால்தான் வேண்டாம் என்கிறீர்களா? அப்படியென்றால் என்னிடம் சொல்லுங்கள். நான் தப்பாக நினைக்க மாட்டேன். ஆனால் எங்களைப் பிடிக்கவில்லை என்று இவர் நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. மே முடிவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

உங்கள் தோள்காரரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


ஏப்ரல் 15

என் கண்ணே,

நல்லா இரு. உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐஸ் ஃபேக்டரி வாசலிலேயே அழுதேன். ஐஸ் ஏற்றுகிறவர்கள் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்துக்கொண்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

நான் பதில் போட்டேன், அம்மா. மார்ச் பாதியிலேயே போட்டேன், ஆபீஸ் விலாசத்துக்கு. பூட்டின ஆபீசுக்குப் போன கடிதம் இப்போது எங்கே சுற்றுகிறதோ. போனாலும் நஷ்டமில்லை. அதில் என் வீட்டுக் குழாய்ப் புராணத்தைத் தவிர ஒன்றும் கிடையாது.

நீ நேராகக் கேட்டாய், நானும் நேராகச் சொல்கிறேன். அப்பா எப்படி இருக்கிறார்? பதினோரு வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும் இதை எழுதப் பேனாவை எடுப்பேன். தம்பி அவரிடம் போய், "அக்கா கேட்டா" என்று சொல்லி, அவர் எழுந்து வெளியே போய்விட்டார் என்று அவன் எனக்கு எழுத வேண்டியிருக்குமே என்று விட்டுவிடுவேன். அவருக்கு இருமல் எப்படி? தூங்குகிறாரா? வெந்நீர் குடிக்கச் சொன்னால் கேட்கிறாரா?

உங்களைப் பிடிக்காமல் இருக்குமா? நீங்கள் வரலாமா என்று தம்பி கேட்ட கடிதம் கிடைத்த அன்று நானும் இவரும் பக்கத்துத் தெருவில் காலியாக இருந்த வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டே வந்தோம். வாசல் பெரிது, வாலு விளையாடலாம் என்றுகூடப் பேசிக்கொண்டோம். திரும்பி வரும்போதுதான் அப்பா நினைவு வந்து, பாதி வழியில் நின்றுவிட்டேன். அப்பா இங்கே வந்து, பக்கத்துத் தெருவிலேயே குடியிருந்து, என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் நான் என்ன செய்வேன்? இப்போது தூரமாவது இருக்கிறது. "தூரம், அதான் பார்க்க முடியல" என்று கேட்கிறவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு எதைச் சொல்வேன்?

அதோடு, அவர் வர மாட்டேன் என்று அடம்பிடித்தால் அது என்னால்தான் என்று ஆகும். கிழக்கு என்றால் பேசாமல் வருவார். அவர் நெஞ்சு சரியாக வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம். தம்பி வாயால் "அப்பாவுக்காகக் கிழக்கே போகிறோம்" என்று சொல்ல வைக்க வேண்டாமே, ஊரே சரியில்லை என்று நானே சொல்லிவிட்டால் அவனுக்குச் சுலபமாக இருக்குமே என்று பார்த்தேன்.

இதை அவனிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். உன் மெஷினுக்கு எண்ணெய் போடு. கண்ணைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஏப்ரல் 21

அக்கா,

சுகம், சுகம், எல்லோரும் சுகம்! முழங்கால் இருக்கிற இடமே தெரியவில்லை. உட்கார்ந்து நிதானமாகப் படி.

உன் மார்ச் மாதக் கடிதம் வந்துவிட்டது. ஆபீஸ் பூட்டியிருந்ததால் தபால்காரர் வீட்டு விலாசத்தை விசாரித்து இங்கேயே கொண்டுவந்துவிட்டார். வாசலில் கை நீட்டி வாங்கியது யார் தெரியுமா? அப்பா.

நான் வேலையிலிருந்து வரும்போது சாப்பாட்டு மேஜையில் என் தட்டுக்குப் பக்கத்தில் கடிதம் இருந்தது. பிரிக்கவில்லை. அப்பா எதிரே உட்கார்ந்து மாத்திரைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். உன் கையெழுத்து அவருக்குத் தெரியாதா என்ன? மெதுவாக எடுத்துச் சட்டைப்பையில் வைக்கப் போனேன். அப்போதுதான் வாலுவின் அம்மா சமையலறையிலிருந்து வந்து, "என்ன கடிதம்? சத்தமா படிங்க, எல்லாரும் கேக்கட்டும்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு நான் இப்படிப் பயந்ததில்லை.

படித்தேன். முழங்கால் வந்தது, பல் வந்தது, குழாய் வந்தது, பிளம்பர் வந்தான், வாளி வந்தது. கிழக்கே போனால் நிம்மதி என்பதும் வந்தது. முடித்தேன்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார் அப்பா.

"அவ்வளவுதாம்பா."

"வேற ஒண்ணும் எழுதலயா?"

"இல்லப்பா."

மாத்திரை டப்பாவை மூடிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். மறுநாள் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் வந்து நின்று ஒரு சத்தம் போட்டார் பார், வாயிலிருந்த நுரையை விழுங்கிவிட்டேன்.

"கடலோரத்துல எவனாவது இரும்புக் குழாய் போடுவானா? மூணு தடவை ஒருத்தன் இரும்பையே மாட்டிட்டுப் போனா பாத்துட்டு நிப்பாளா? ஃபிட்டர் பொண்ணுதானே அவ? அந்தக் கழுதைக்குப் புத்தி எங்க போச்சு?"

அக்கா, உன்னைக் கழுதை என்று சொல்லிவிட்டார்! பதினோரு வருஷத்துக்கு அப்புறம் இந்த வீட்டில் உன் பேச்சு வந்தது, அதுவும் அவர் வாயால். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வாலு மட்டும், "தாத்தா கெட்ட வார்த்தை சொல்றாரு" என்று அம்மாவிடம் புகார் சொன்னாள்.

நீ அவளுக்கு எழுதிய கடிதத்தையும் படித்தேன். அதைப் பற்றி எழுதினால் நான் அழுவேன், அதனால் எழுதவில்லை. இனிமேல் வீட்டு விலாசத்துக்கே எழுது.

சுண்டெலி


ஏப்ரல் 27

அன்புள்ள தம்பிக்கு,

இந்த உறைக்குள் இரண்டு தாள்கள் இருக்கின்றன. நீல மையில் எழுதியிருப்பது சாப்பாட்டு மேஜையில் சத்தமாகப் படிக்க வேண்டியது. கறுப்பு மையில் இருக்கும் இது உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் மட்டும்.

கழுதை என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் அத்தானிடம் வேலை நடுவில் ஓடிப்போய்ச் சொன்னேன். "உன்னைத் திட்டினதுக்கா இந்தக் குதி குதிக்கிறே?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாது. அப்பாவுக்குக் கோபமிருந்தால் வாயை மூடிக்கொள்வார். திட்டினால் கோபம் இல்லை.

நீலத் தாளைப் பார். அடுப்படிக் குழாய் நிஜம். குளியலறையில் இரண்டு குழாயும் ஒழுகுவதாக எழுதியிருப்பது பொய். மொட்டைமாடித் தொட்டியில் அடைப்பான் வேலை செய்யாமல் தண்ணீர் வழிகிறது என்பது முழுப் பொய். சுவருக்குள் எங்கேயோ கசிகிறது, எங்கே என்று தெரியவில்லை என்பது பச்சைப் பொய். அதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகப் படி. கசிவு வருகிற இடத்தில் குரலை இறக்கிப் படி.

"நல்லா இருக்கற வீட்டை ஏன் இப்படி நாறடிக்கிறே?" என்று உன் அத்தான் குறைப்பட்டுக்கொள்கிறார். அவருக்கு வீட்டு மானம் பெரிதாகப் போய்விட்டது.

நீலத் தாளின் கடைசி வரியை மட்டும் தடுமாறாமல் படி. "அப்பாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது?" என்று எழுதியிருக்கிறேன்.

அக்கா


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நீலத் தாளிலேயே தெரிந்துகொண்டோம்.

முதல் நீலத் தாளை மேஜையில் படித்தேன். இருமலைக் கேட்ட வரிக்கு வந்தபோது நான் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். "பரவாயில்லன்னு எழுது" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு அவர் வெளியே போகவில்லை.

அதற்குப் பின் நீ அனுப்பிய இரண்டு நீலத் தாள்களும் வந்து சேர்ந்தன. அக்கா, அடங்கு. உன் வீட்டில் இனிமேல் ஒழுக ஒன்றும் மிச்சமில்லை. அப்பா வாலுவின் வரைபடத் தாளில் உன் வீட்டைப் படம் போட்டுவிட்டார். தொட்டி எங்கே, மோட்டார் எங்கே, சுவர் எங்கே என்று என்னைக் கேட்கிறார். பார்க்காத வீட்டுக்கு நான் எங்கே போய் வழி சொல்வேன்? நானும் வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன். பார்க்காமலே நாங்கள் இருவரும் சண்டை வேறு போடுகிறோம். "படகு எஞ்சினைப் பிரிக்கறவன் பைப்பைத் தொட்டா இப்படித்தான் ஆகும்" என்று அத்தானுக்கும் ஒரு குட்டு விழுந்தது. அவரிடம் சொல், சந்தோஷப்படுவார்.

நேற்று பென்சிலை வீசி எறிந்தார்.

"இதுக்கெல்லாம் எழுதி எழுதி வைத்தியம் பண்ண முடியாது. நேர்ல பாக்கணும். எந்த மாநிலம்னு எழுதிக் குடுத்துட்டியா?"

"இன்னும் இல்லப்பா. மாத முடிவு வரைக்கும் நேரம் இருக்கு."

"மேற்குன்னு எழுதிக் குடு. தண்ணி சரியில்லேன்னா அப்புறம் பேசிக்கலாம்."

இன்று காலையில் ஆலைக்கு வந்த மேலாளர் கையில் எழுதிக் கொடுத்துவிட்டேன், மேற்கு என்று. அவர் ஏன் இந்த இளிப்பு என்று கேட்டார். கிழக்கே கம்பெனி வீட்டை விட்டுவிட்டு இப்படிச் சிரிக்கிற ஆளை அவர் பார்த்ததில்லையாம்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வாலுவைச் சேர்க்க வேண்டும். அதனால் மே கடைசியில் அப்பா, அவள், வாலு மூவரும் முன்னால் வருகிறார்கள். கடைசி லிஃப்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நான் ஜூன் முடிவில் வருவேன். பக்கத்துத் தெரு வீடு இன்னும் காலியாக இருந்தால் பிடித்துப் போடு.

இப்போது உன் கவலை என்ன தெரியுமா? அப்பா தன் கருவிப் பையைத் தூசி தட்டி எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார். நேராக உன் வீட்டுக்குத்தான் வருகிறார். வந்து பார்த்தால் அடுப்படியைத் தவிர ஒன்றும் ஒழுகாது. என்ன செய்யப் போகிறாய்?

சுண்டெலி


மே 18

தம்பி,

நாங்கள் இருக்கிறோம், உயிரோடு. அவசரமாக எழுதுகிறேன்.

பக்கத்துத் தெரு வீட்டைப் பிடித்துவிட்டோம். வெள்ளையடித்தாயிற்று.

குளியலறைக் குழாய்கள் இரண்டையும் லூசாக்கச் சொன்னேன். உன் அத்தான் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு கல்லாக நிற்கிறார். "வாழ்க்கை முழுக்க ரிப்பேர் பண்ணிட்டேன், நல்லா இருக்கறதைக் கெடுக்கக் கை வரமாட்டேங்குது" என்கிறார். கடைசியில் நான் அதட்டிய பிறகு கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார். இப்போது இரண்டும் கொட்டுகொட்டென்று கொட்டுகிறது. ஒழுகினால் போதும் என்றுதான் சொல்லியிருந்தேன். சுவர்க் கசிவுக்கு ஒரு வழியும் தோன்றவில்லை. அது தானாகவே நின்றுவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன்.

பயமாக இருக்கிறது. அவர் வாசலில் வந்து நிற்கும்போது நான் என்ன சொல்லிக் கூப்பிடுவது? "வாங்கப்பா" என்று தினமும் அடுப்படியில் சொல்லிப் பார்க்கிறேன்.

அக்கா


ஜூன் 14

அன்புள்ள சுண்டெலிக்கு,

தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாயா, இல்லை டீயும் பன்னுமாக ஓட்டுகிறாயா? இங்கே உன் ஆட்கள் மூவரும் சுகம். அவள் பக்கத்திலேயே ஒரு தையல் கடையில் பேசி வைத்துவிட்டாள். வாலு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். அப்பாவுக்கு இருமல் பாதிக்குப் பாதி இல்லை. இந்த வாரம் முழுக்க நன்றாகத் தூங்கினாராம்.

வந்த அன்று நடந்ததை அவள் சுருக்கமாக எழுதியிருப்பாள். நான் முழுதாகச் சொல்கிறேன். வாசலில் நின்றார். ரொம்ப இளைத்திருக்கிறார், தம்பி. நீ அதை எழுதவே இல்லை. கையில் பை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், ஒத்திகை பார்த்த "வாங்கப்பா" எங்கேயோ போய்விட்டது. அவர் என்னைப் பார்த்தார். தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார்.

"அடுப்படி எங்க?" என்றார்.

காட்டினேன். துணிக் கட்டைப் பிரித்து, ஒரு மணி நேரம் வேலை செய்தார். நடுவில் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். எது வேண்டும் என்று சொல்லவில்லை. சின்ன ஸ்பேனரை எடுத்து வைத்தேன். அதுதான் வேண்டும் அவருக்கு. எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கவும் இல்லை. "தண்ணி மேல தண்ணி எதுக்கு? டார்ச்சைப் பிடி" என்றார். பிடித்தேன்.

பிறகு குளியலறைக்குப் போனார். குழாயைத் தடவிப் பார்த்தார். புதிதாக ஸ்பேனர் பட்ட கீறல் பளபளவென்று இருந்தது. உன் அத்தானைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"மாப்பிள்ளை, கழட்டும்போது துணியைச் சுத்திக்கிட்டுக் கழட்டணும். இல்லேன்னா பாலிஷ் போயிடும்."

அவ்வளவுதான் சொன்னார். மாப்பிள்ளை என்றதில் இவர் தடுமாறிப்போய், "சரிங்க மாமா, அடுத்த தடவை பாத்துக்கறேன்" என்று உளறிவிட்டார். உன் வீட்டுக்காரி சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்கு ஓடினாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் வருகிறார். டீ குடிப்பார், இரும்பை எல்லாம் எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போடுவார், என்னைத் திட்டுவார், மதியம் சாப்பிட்டுவிட்டுப் போவார். என் வீடு மாதிரி ஒரு சொட்டுக்கூட ஒழுகாத வீடு இந்தத் தெருவிலேயே இல்லை. போன சனிக்கிழமையோடு எல்லா வேலையும் முடிந்துவிட்டது. இனிமேல் எதைச் சொல்லி வரச் சொல்வது? வெறுமனே வாங்க என்று கூப்பிட்டால் வருவாரா என்று எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

நேற்று ஐஸ் ஃபேக்டரியிலிருந்து கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டேன். விட்டுப்போன கருவிப் பையை எடுத்துப்போக வந்திருப்பார் போல, அவர் அடுப்படியில் இருந்தார். நான் வந்தது அவர் காதில் விழவில்லை. புதுக்குழாயின் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார். பையிலிருந்து துணியை எடுத்துப் பதமாகச் சுற்றினார். சின்ன ஸ்பேனரை வைத்து அரைச் சுற்று திருப்பினார். சொட்டு விழுகிறதா என்று பார்த்தார். விழவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினார். விழுந்தது. வாளியை எடுத்து நேராக அதன் கீழே வைத்தார்.

நான் சத்தமில்லாமல் வாசல் வரைக்கும் பின்னால் நடந்துபோய், செருப்பைப் பலமாகக் கழற்றிப் போட்டேன்.

"அப்பா, குழாய் சரியாயிடுச்சா?"

"எங்க! மறுபடியும் ஒழுகுது பாரு. நாளைக்கும் வந்துதான் பாக்கணும்" என்றார்.

அக்கா